பிஎஸ்பியில் பாட்டு தெரியவில்லையா? கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். அண்ணன் வைத்திருந்த பிஎஸ்பி 3000 (சோனியின் கையடக்க வீடியோ கேம் கருவி) இப்போது என்னிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து அதில் பாட்டு ஏற்றினேன். மியூசிக் ஃபோல்டருக்குள் 'பாட்டு' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வருஷவாரியாகத் தனித்தனி ஃபோல்டர்கள். ஹெத்தை அம்மன் பண்டிகையில் பதிவு செய்து உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படுகப் பாட்டுகளும் அதில் உண்டு. கம்ப்யூட்டரில் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, பிஎஸ்பியில் ஒன்றுமே இல்லை. ஊட்டியில் ஒரு கடையில், "சாஃப்ட்வேர் மாற்றணும், 900 ரூபாய். 64 ஜிபி மெமரி ஸ்டிக்கும் இருக்கு, போட்டுத் தர்றோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாட்டு கேட்பதற்கு பிஎஸ்பியில் எந்த சாஃப்ட்வேரையும் மாற்ற வேண்டியதில்லை. வாங்கிய நாளிலிருந்தே அது எம்பி3 பாடும். தெரியாத கை அதன் சாஃப்ட்வேரில் விளையாடினால் ஓடிக்கொண்டிருக்கும் கருவியும் போய்விடும்.

உங்கள் சிக்கல் ஃபோல்டரில்தான் இருக்கிறது. மியூசிக் ஃபோல்டருக்கு உள்ளே ஒரு படி வரைக்கும்தான் பிஎஸ்பி எட்டிப் பார்க்கும். நீங்கள் 'பாட்டு', அதற்குள் வருஷம் என்று இரண்டு படி இறங்கிவிட்டீர்கள். 'பாட்டு' ஃபோல்டரை எடுத்துவிட்டு, வருஷ ஃபோல்டர்களை நேராக மியூசிக் ஃபோல்டருக்குள் வையுங்கள். அந்த மியூசிக் ஃபோல்டர் மெமரி ஸ்டிக்கைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், MUSIC என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் பாட்டுகள். வாய்ஸ் மெசேஜாக வந்தவை பெரும்பாலும் ஓபஸ் என்ற வகையில் இருக்கும். அது பிஎஸ்பிக்குப் புரியாது. பெயருக்குப் பின்னால் எம்பி3 என்று மாற்றி எழுதிவிட்டால் போதும் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், உள்ளே இருப்பது மாறாது. பாட்டும் படமும் ஓட்டும் விஎல்சி புரோகிராம் இலவசம். அதில் மீடியா மெனுவுக்குள் கன்வர்ட் என்று இருக்கிறது, ஆடியோ எம்பி3 என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்தில் 'ஃப்ரீ கன்வர்ட்டர்' என்று பெரிய பட்டனோடு வரும் பக்கங்கள் பக்கமே போகாதீர்கள். பாட்டோடு வேண்டாத புரோகிராம் நான்கையும் சேர்த்து இறக்கிவிடும். பாட்டுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் பிஎஸ்பியில் படிக்க முடியாது, அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள்.

இனி அந்த 64 ஜிபி. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பிஎஸ்பியில் போடுகிற மெமரி ஸ்டிக் ப்ரோ டுயோ என்ற கார்டு 32 ஜிபிக்கு மேல் வந்ததே இல்லை. அந்த வகையின் உச்சமே அவ்வளவுதான். ஆகவே '64 ஜிபி மெமரி ஸ்டிக்' என்று அச்சடித்து ஒருவர் நீட்டினால், சோதித்துப் பார்க்கவே வேண்டாம், அது போலி. படியின் அடியை உயர்த்தி வைத்து அரிசி அளந்து கொடுக்கும் வேலைதான் இதுவும். உள்ளே, உதாரணத்துக்கு, 4 ஜிபி சில்லு இருக்கும், கம்ப்யூட்டரிடம் மட்டும் 64 என்று சொல்லும். முதல் 4 ஜிபி ஒழுங்காகப் போகும். அதற்கப்புறம் ஏற்றியதன் பெயர் மட்டும் தெரியும், பாட்டு ஓடாது. உங்கள் விளையாட்டு சேவ் (எதுவரை விளையாடினீர்கள் என்ற பதிவு) எல்லாம் அதில் இருந்தால் அதுவும் போச்சு. 32 ஜிபிக்குக் குறைந்த அளவிலும் போலி உண்டு. எந்த கார்டு வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமில் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

உங்களுக்கு அவ்வளவு இடம் தேவையும் இல்லை. 192 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நான்கு நிமிடப் பாட்டு ஆறு எம்பிக்குள் அடங்கும். 4 ஜிபியில் அறுநூறுக்கு மேல் பாட்டு போகும். இடம் வேண்டும் என்றே தோன்றினால் மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகும் அடாப்டர் கிடைக்கிறது. அதில் நல்ல கடையில் வாங்கிய 16 அல்லது 32 ஜிபி கார்டு போதும்.

இத்தனை வம்பும் எதனால்? ஊரே எஸ்டி கார்டு பயன்படுத்தும்போது சோனி தனக்கென்று ஒரு கார்டு வைத்தது. 2010இல் எஸ்டிக்கு இறங்கி வந்துவிட்டு, 2011இல் பிஎஸ்பிக்கு அடுத்து வந்த வீட்டா கருவிக்கு மறுபடியும் தனி கார்டு. வாங்கினவர் அலைகிறார், நடுவில் போலி விற்பவர் பிழைக்கிறார்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய கருவி வாங்குகிறவர்கள் இதில்தான் அடிக்கடி மாட்டுகிறார்கள். திரையை மேலே தள்ளினால் பட்டன்கள் வெளியே வரும் பிஎஸ்பி கோ, 2009இல் வந்தது. நான் மேலே சொன்ன மெமரி ஸ்டிக் அதில் நுழையாது. உள்ளேயே 16 ஜிபி இருக்கிறது, கூடுதலுக்கு எம்2 என்ற சின்ன கார்டு வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி கேபிள். உங்கள் 3000க்கு சாதாரண மினி யூஎஸ்பி போதும், பழைய கேமராவோடு வந்ததுகூடப் பொருந்தும். கோவுக்கு அதற்கென்றே செய்த கேபிள்தான். அது இல்லாமல் விற்றால் கருவியை வாங்காதீர்கள். 'கேபிள் எங்கேயும் கிடைக்கும்' என்று சொல்லி விற்பவரிடம், அப்படியானால் நீங்களே வாங்கி வைத்துக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

உங்கள் கருவிக்கு வருவோம். கேபிளைச் செருகி, செட்டிங்ஸில் யூஎஸ்பி கனெக்‌ஷன் கொடுங்கள். கம்ப்யூட்டரில் டிரைவாகத் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள் நிறைய சுற்றுகின்றன. மழைக்காலத்தில் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போவது நம் மலையில் சகஜம். எழுதிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தால் கார்டில் உள்ளது கெட்டுப்போகலாம். மொத்தமாக இழுத்துப் போடாமல் ஒவ்வொரு ஃபோல்டராக ஏற்றுங்கள். பிஎஸ்பியில் வட்ட பட்டனை அழுத்தித் தொடர்பைத் துண்டித்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள்.

இதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் பிஎஸ்பியிலேயே மெமரி ஸ்டிக்கை ஃபார்மட் செய்யலாம். ஆனால் ஃபார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும், அதனால் அதற்கு முன் அதில் உள்ள 'பிஎஸ்பி' ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வையுங்கள், அண்ணன் விளையாடிய சேவ் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.