டைரியை எப்போது மூடலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா என்று சின்ன வக்கீல் ஆபீஸ் எங்களுடையது. இதுவரை டைரியும் ஓர் எக்செல் ஷீட்டும்தான். இப்போது வழக்கு மேலாண்மை மென்பொருள் வாங்கியிருக்கிறோம். வழக்குக் கட்டுகள் 700 இருக்கும். ஒரே நாளில் ஏற்றித் தருவதாக விற்றவர் சொல்கிறார். குமாஸ்தா அண்ணனோ டைரியை விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஒரே நாளில் ஏற்றிவிடுவார், அதில் சந்தேகமில்லை. ஷீட்டில் உள்ள தப்பும் சேர்ந்தே ஏறும். அதனால் முதலில் ஷீட்டைத் திறந்து வழக்கு எண்களைப் பாருங்கள். ஓ.எஸ். (அசல் வழக்கு), இ.பி. (நிறைவேற்று மனு) என்ற வகையைத் தனிக் கட்டத்தில் போட்டு எண்ணை மட்டும் தனியாக அடித்திருந்தால் 145/2019 அப்படியே நிற்கும். 12/2019 மட்டும் டிசம்பர் மாதமாகியிருக்கும். எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்கிறது. 1 முதல் 12 வரையுள்ள எண்களுக்கு மட்டும் இப்படி ஆவதால் 700 வரிகளில் கண்ணில் படாது. பதறிப்போய் டெக்ஸ்ட் என்று மாற்றினால் 43800 என்று வந்து நிற்கும். கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு எண்ணைத் திரும்ப அடிப்பதுதான் வழி.

வாய்தா தேதியிலும் இதே கதைதான். கம்ப்யூட்டரில் அமெரிக்கத் தேதி முறை இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகிவிடும். ஏப்ரல் 3-க்குப் பதில் ஒரு மாதம் முன்னாலேயே ஊத்தங்கரைக்கு பஸ் ஏறுவது பரவாயில்லை. 05/03 மே 3 ஆனால்தான் ஆபத்து: மார்ச்சில் ஆள் போகாமல், வழக்கு டிஸ்மிஸ் ஆன பிறகுதான் தெரியவரும்.

ஏற்றும்போது ஒவ்வொரு வழக்குக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும், அதாவது அந்த வழக்குக்கே உரிய தனி அடையாள எண்ணையும், சேருங்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினாலே உங்கள் பெயரில் உள்ள வழக்குகள் வரும். விடுபட்டதும் அதில் தெரிந்துவிடும். நம் மாவட்டம் தருமபுரியிலிருந்து 2004-ல்தான் பிரிந்தது. தருமபுரி எண்ணோடு தொடங்கிய பழைய கட்டு ஏதாவது இருந்தால் அந்த எண்ணுக்கும் ஓர் இடம் வையுங்கள். கட்சிக்காரர் கையில் இருப்பது அந்தக் காகிதம்தான்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். முனியப்பன், முனியப்பா, முனிராஜ் என்று நம் பக்கத்தில் எத்தனை பேர்! ஒரே ஆளை ஒரு கட்டில் முனியப்பன் என்றும், தேன்கனிக்கோட்டை கட்டில் முனியப்பா என்றும் எழுதியிருப்போம். தகப்பனார் பெயரும் கிராமமும் இல்லாமல் ஒரு பெயரையும் ஏற்றாதீர்கள். இல்லையென்றால் பாகப்பிரிவினை வழக்கில் எதிர்தரப்பு ஏற்கெனவே நம் கட்சிக்காரர் என்பதே தெரியாமல் வக்காலத்து வாங்கிவிடுவோம்.

முடிந்த கட்டுகளை இப்போது ஏற்ற வேண்டாம். ஆனால் டிக்ரி ஆனதெல்லாம் முடிந்தது அல்லவே. நிறைவேற்று மனுவுக்கு 12 வருடம் இருக்கிறது. அவை உள்ளே வரட்டும்.

மென்பொருள் தானாகக் கெடு கணக்குப் போடுகிறதா? செக் திரும்பிய வழக்கு ஒன்றை வைத்துச் சோதியுங்கள். பேங்க் மெமோ வந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அதற்கப்புறம் புகாருக்கு ஒரு மாதம். சட்டம் சொல்வது மாதம். மென்பொருள் 30 நாள் என்று கூட்டினால் பிப்ரவரியில் கணக்குத் தப்பும்.

குமாஸ்தா அண்ணன் சொல்வது சரி. கோர்ட் ஹாலில் சொன்ன வாய்தா முதலில் அவர் டைரியில்தான் விழும். தளத்தில் ஏறச் சில சமயம் தாமதமாகும். எனவே இரண்டும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓடட்டும். சிவில் கோர்ட்டுகளுக்கு மே விடுமுறை வருவதால் அப்போது ஏற்றத் தொடங்கலாம். அந்த விடுமுறை இல்லாத கிரிமினல் கட்டுகளை மட்டும் முன்னதாகவே ஏற்றி முடித்துவிடுங்கள். ஜூனிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் டைரியைப் பார்த்துச் சொல்ல, ஜூனியர் அடிக்கட்டும். சனிக்கிழமை அடுத்த வாரப் பட்டியலை பிரிண்ட் எடுத்து டைரியோடு ஒத்துப் பாருங்கள். தொடர்ந்து எட்டு சனிக்கிழமை ஒரு வித்தியாசமும் வராவிட்டால் டைரியைப் பற்றி அவரிடம் பேசலாம். முதல் லாகினும் அவருக்கே கொடுங்கள். மூன்றாவது வாரத்தில் தப்பு கண்டுபிடித்துச் சொல்பவர் அவராகத்தான் இருப்பார்.

கடைசித் தவணைப் பணத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய எல்லாவற்றையும் திரும்ப எக்செல்லாக இறக்கிக் காட்டச் சொல்லி, அதில் 12/2019 சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள்.