கல்லீரலை லேபில் வளர்க்க முடியுமா?

கேள்வி: கல்லீரலில் பாதியை வெட்டிக் கொடுத்தாலும் மறுபடி வளர்ந்துவிடும் என்கிறார்கள். என் அண்ணன் மாற்றுக் கல்லீரலுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய செல்களையே லேபில் வளர்த்துப் பொருத்த முடியாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இன்றைக்கு முடியாது, சகோதரி. கல்லீரல் செல்களை வளர்ப்பதுதான் என் வேலை என்பதால், எங்கே முட்டுகிறது என்று சொல்கிறேன்.

உடம்புக்குள் அவ்வளவு நன்றாக வளரும் கல்லீரல் செல், லேபில் செல் வளர்க்கும் தட்டில் போட்டால் பெருகுவதே அரிது. சில நாட்களிலேயே மருந்தைச் சிதைக்கும் நொதிகளும் குறைந்துவிடும். அதனால்தான் முன்னோடி செல்களிடம், அதாவது இன்னும் முழுதாக முதிராத செல்களிடம் போகிறோம். அவை பெருகும், அப்புறம் கல்லீரல் செல்லாகவோ பித்தநாளச் செல்லாகவோ (பித்தநீர் போகும் குழாயின் உட்சுவர்ச் செல்) மாறும்.

நான் வளர்ப்பது அப்படிப்பட்ட ஹெப்பாஆர்ஜி என்ற வகை. ஹெபடைடிஸ் சி-யும் கல்லீரல் புற்றுநோயும் இருந்த ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து பிரான்ஸ் ஆய்வாளர்கள் உருவாக்கி, 2002-ல் வெளியிட்டது. தட்டில் நெருக்கமில்லாமல் விதைத்தால் நீண்டு மெலிந்த செல்களாகப் பரவும். இரண்டு வாரத்தில் இடைவெளியில்லாமல் நிரம்பிவிடும். பிறகு, செல்களை முதிர வைக்கும் டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருள் 2 சதவீதம் கலந்த மீடியாவில் (செல்களுக்கான ஊட்டத் திரவம்) இன்னும் இரண்டு வாரம். அப்போது மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்: பல கோண வடிவில், உள்ளே மணிமணியாக, திட்டுத் திட்டாகக் கல்லீரல் செல்கள், நடுநடுவே பளிச்சென்ற கோடுகளாகப் பித்தக் கால்வாய்கள், சுற்றிலும் தட்டையான பித்தநாளச் செல்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் அந்த நிலைக்கு வந்த செல் பெருகுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அதைப் பெயர்த்து மறுபடி இடம்விட்டு விதைத்தால் பெருகும், ஆனால் முன்னோடி நிலைக்கே திரும்பிவிடும். ஒரு கல்லீரலுக்கு வேண்டிய கோடானுகோடி செல்களும் வேலை செய்கிற நிலையில் வேண்டும், அவற்றுக்கு ரத்தக் குழாய்களும் வேண்டும். தவிர, கட்டியிலிருந்து வந்த செல்லை யாருக்கும் பொருத்த முடியாது. 2015-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் மனிதப் பித்தநாளச் செல்களை மாதக்கணக்கில் குட்டி உருண்டைகளாக வளர்த்துக் காட்டினார்கள். பெரிய முன்னேற்றம்தான். அவையும் முதிர்ந்த கல்லீரல் செல் அளவுக்கு வேலை செய்வதில்லை.

புது மருந்து கல்லீரலைக் கெடுக்குமா என்று பார்க்கவும், ஹெபடைடிஸ் பி வைரஸை ஆராயவும் இந்தச் செல்கள் இப்போதே உதவுகின்றன.

ஒன்று மட்டும் கவனம். 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் கல்லீரல் சரியாகிவிடும்' என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி, கல்லீரலுக்கு அது இன்னும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. உறவினர் யாராவது கல்லீரலில் ஒரு பகுதியைத் தர முடியுமா என்று அண்ணனின் டாக்டரிடம் கேளுங்கள். நீங்கள் கேள்விப்பட்ட அந்த வளர்ச்சி, கொடுத்தவர் உடம்பிலும் வாங்கியவர் உடம்பிலும் நடக்கும்.