கை ஓங்கினால்தான் வன்முறையா? வாசகியர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறேன். கூலி வாங்கி வீட்டுக்குள் நுழையும் முன்பே கணவர் பிடுங்கிக்கொள்வார். மகளிர் உரிமைத்தொகை ஏறும் ஏடிஎம் கார்டும் அவரிடம்தான். அம்மாவிடம் போன் பேசினால் பக்கத்திலேயே நிற்பார். ஆனால் ஒருநாளும் அடித்ததில்லை. இதை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

பதில்: நான் நம்புகிறேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடலை வதைப்பதோடு நிற்கவில்லை. பாலியல் கொடுமை, சொல்லால் மனத்தை நோகடிப்பது, பணத்தைப் பறித்து அடக்கி வைப்பது எல்லாமே அதில் வன்முறைதான். "வீட்டுச் செலவுக்குத்தானே வாங்குகிறார்" என்பார்கள். மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் காசு கேட்க உங்களுக்கு வயிறு கலங்குகிறதா? அந்தப் பயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கிவிட்டு வேறு கார்டு வாங்கலாம். ஆனால் அது தெரிந்ததும் அவர் என்ன செய்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் முதலில் பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் பேசுங்கள். பட்டறையில் நம்பிக்கையான ஒருத்தியின் போனிலிருந்து பேசுவது நல்லது.

கேள்வி: ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். போன வாரம் குடித்துவிட்டு வந்து என் கழுத்தை நெரித்தார். காலையில் அழுது மன்னிப்புக் கேட்டார். வெளியே போனால் வீடும் பிள்ளைகளும் உனக்கு இல்லை என்கிறார் மாமியார்.

பதில்: அம்மா, கழுத்தில் கை வைத்ததை மற்ற அடிகளோடு சேர்த்து எண்ணாதீர்கள். ஒருமுறை நெரித்த கை அடுத்த முறை உயிரை எடுத்துவிடும் ஆபத்து மிக அதிகம். வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மினாலோ விழுங்க வலித்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

மாமியார் சொல்வது சரியில்லை. வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்ப வன்முறைச் சட்டப்படி உங்களை வெளியேற்றக் கூடாது என்று கணவருக்கு உத்தரவு போட மாஜிஸ்திரேட்டால் முடியும். எஸ்டேட் வீடு என்று சிக்கல் வந்தால் வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கவும் சொல்லலாம். பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் விடச் சொல்லிக் கேட்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

கிளம்புவதானால் கோபத்தில்கூட அதை அவரிடம் சொல்லாதீர்கள். பெண் பிரிந்து போகும் நேரம்தான் அடி மிஞ்சும் நேரம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகலை முன்கூட்டியே தோழி வீட்டில் வையுங்கள். அவர் வேலையில் இருக்கும் பகல் நேரத்தில் மலையிறங்குங்கள். இரவில் ஆபத்து என்றால் அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் 'சகி' மையம் சேலத்தில் இருக்கிறது. 181-இல் சொன்னால் வழிகாட்டுவார்கள். ஐந்து நாள்வரை தங்கலாம். மருத்துவம், போலீஸ், வக்கீல் உதவிக்கும் அங்கேயே ஏற்பாடு செய்வார்கள். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது சோறு போடாமல் அடிக்கிறான். பெற்ற பிள்ளைமேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டம் தாய்க்கும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சமும் கேட்கலாம். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரம் என்றால் அதை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. பத்திரத்தோடு போங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

கேள்வி: அம்மாபேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் தறிச் சத்தத்தையும் மீறி அலறல் கேட்கிறது. நாம் தலையிடலாமா?

பதில்: தலையிடுங்கள். குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்க அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்கு நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர்மேல் வழக்கு வராது என்று குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் சமூக நல அலுவலகத்தைக் கேட்டால் அவரிடம் அனுப்புவார்கள். அலறல் கேட்கும்போதே 112-க்குக் கூப்பிடுங்கள். கணவர் எதிரில் அந்தப் பெண்ணிடம் எதுவும் கேட்க வேண்டாம். மறுநாள் தண்ணீர் பிடிக்கும்போது தனியாக, "எந்த நேரமானாலும் எங்கள் கதவைத் தட்டு" என்று சொல்லி வையுங்கள்.