முதலில் வண்டியின் உயரத்தைச் சொல்லுங்கள்

கே: அமெரிக்கக் கிழக்குக் கரையில் மயாமியிலிருந்து மெய்ன் மாநிலம் வரை ஆர்.வி.யில் (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு கூடிய பயண வண்டி) போக இரண்டு வாரம் போதுமா?

ஓட்டப் போதும், பார்க்கப் போதாது. ஐ-95 சாலை மட்டுமே சுமார் 1,900 மைல். அதில் கடல் கண்ணில் படுவதே அபூர்வம். பாதித் தூரத்தை வெட்டுங்கள். நானாக இருந்தால் வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுத்தொடருக்கே நான்கு நாள் ஒதுக்குவேன். 12ஆம் எண் சாலையில் ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் பாம்லிகோ காயல், நடுவில் கோடு கிழித்தாற்போல மணல்திட்டு. காற்றடித்தால் மணல் தார்மேல் நெளிந்து நெளிந்து ஓடும். ஹேட்டரஸிலிருந்து ஓக்ரகோக் தீவுக்கு வண்டியோடு ஏற்றிப் போகும் ஃபெர்ரி இலவசம். அங்கிருந்து சீடர் ஐலண்டுக்குக் கட்டணம் உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். அப்புறம், வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

கே: எந்த மாதம்?

தெற்கே மே, மெய்ன் பக்கம் செப்டம்பர். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

கே: நியூயார்க்கில் ஜிபிஎஸ் பார்க்வே வழியாகப் போகச் சொல்கிறதே?

உங்கள் போனுக்குக் கூரைமேல் ஏசி இருப்பது தெரியாது. பார்க்வேக்கள் கார்களுக்கான சாலைகள். மேலே குறுக்கிடும் சில பாலங்களுக்கு அடியில் பத்தடி உயரம்கூட இல்லை.

கே: கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வே?

அதுவும் பார்க்வேதான்.

கே: சமையல் கேஸ் வால்வை மூடிவிட்டால் பால்டிமோர் சுரங்கத்தில் போகலாமா?

கூடாது. துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கங்களிலும் ஆர்.வி.யின் கேஸ் தொட்டிக்கு அனுமதி இல்லை. 695ஆம் எண் சுற்றுச்சாலையில் மேற்காகச் சுற்றுங்கள். அதே சாலையில் கிழக்கே இருந்த கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது.

கே: நான் மூன்று முறை போயிருக்கிறேன், யாரும் நிறுத்தவில்லையே!

மாட்டவில்லை, அவ்வளவுதான். உள்ளே தீப்பிடித்தால் மூடிய தொட்டியும் சூடேறும். அழுத்தம் கூடியதும் பாதுகாப்பு வால்வு தானே திறந்து கேஸை வெளியே தள்ளும், அதுவும் சுரங்கத்துக்குள்.

கே: வர்ஜீனியாவில் பாதி பாலம், பாதி சுரங்கமாகக் கடலைக் கடக்கும் செசபீக் பாலச் சுரங்கத்தில் மட்டும் விடுகிறார்களே?

சரியான கேள்வி. அங்கே கேஸ் குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால், வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுவார்கள். சுரங்கத்துக்குச் சுரங்கம் நிர்வாகம் வேறு, விதி வேறு. மூன்று முறை போன நண்பரே, அதற்காகப் பால்டிமோர் விதி மாறிவிடாது.

கே: மெய்னின் அகேடியா தேசியப் பூங்காவில் கேடிலாக் மலையுச்சிக்குப் போகலாமா?

ஆர்.வி.க்கு அனுமதியில்லை. கார் இருந்தால் முன்பதிவோடு போகலாம்.

கே: கழிவை எப்படி வெளியேற்றுவது?

கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல் தண்ணீர்த் தொட்டி அப்புறம். குழாயை அந்தத் தண்ணீரே கழுவிவிடும். வால்வைத் திறக்குமுன் குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். முதல் பயணத்தில் நான் இழுத்துப் பார்க்கவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கே: வாடகை வண்டியின் உயரத்தை எப்படி அளப்பது?

அப்பாடா, ஒருவராவது கேட்டீர்களே! சமதரையில் நிறுத்தி, ஏணி வைத்து ஏறி, ஏசி மூடியின் உச்சிவரை டேப் பிடியுங்கள். கீழே பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.