மகளின் கல்லூரிப் படிப்புக்கு இப்போதே சேமிக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 6 வயது, அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் நூற்பாலையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். செலவெல்லாம் போக மாதம் 2,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதை அவளுடைய கல்லூரிப் படிப்புக்குச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். 'படிப்புக்குத்தான் வங்கிக் கடன் இருக்கிறதே, நகைச்சீட்டுப் போடு' என்கிறார் மாமனார். எது சரி?
- ஒரு வாசகி, வத்தலக்குண்டு

பதில்: உங்கள் எண்ணமே சரி, சகோதரி. மாமனார் சொல்வதிலும் உண்மை உண்டு; 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குப் பொதுவாக வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் தொடங்குவதில்லை. ஆனால் கடன் கைக்கு வருவதற்குள் கல்லூரி முதல் கட்டணத்தைக் கேட்டுவிடும். எங்கள் தெருவில் ஒரு தாய், மகனுக்குக் கலந்தாய்வில் இடம் கிடைத்த அதே வாரத்தில், விடுதி முன்பணத்துக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வீடு திரும்பியதைப் பார்த்தேன். அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அந்த முதல் சில வாரங்களுக்காகவாவது கையில் சொந்தப் பணம் இருக்க வேண்டும்.

நகைச்சீட்டில் சேரும் தங்கத்தை விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. மேலும், நகையாகிவிட்ட பணத்தைப் படிப்புக்கென்று விற்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. அது கல்யாணக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாய் செலுத்தலாம். மாதம் 2,000 வீதம் 12 ஆண்டுகள் கட்டினால் நீங்கள் போடுவது 2,88,000 ரூபாய், வட்டி 8.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது நான்கரை லட்சத்தைத் தாண்டும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்: 18 வயது நிறைந்த பிறகோ பத்தாம் வகுப்புத் தேறிய பிறகோ மேற்படிப்புக்காக எடுக்க முடிவது, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி மட்டுமே. மீதி, கணக்குத் தொடங்கி 21 ஆண்டுகள் ஆன பிறகு, அதாவது உங்கள் மகளின் 27ஆம் வயதில்தான், அல்லது 18 வயதுக்குப் பிறகு அவளுடைய திருமணத்தின்போதுதான் முழுமையாகக் கைக்கு வரும். ஆகவே 1,000 ரூபாயை இதில் போட்டு, மற்ற 1,000 ரூபாயை அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் (ஆர்.டி.) கட்டி, முதிர்ந்ததும் மீண்டும் வைப்பில் இடுவதே உங்களுக்குப் பொருந்தும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அவள் அரசுப் பள்ளியிலேயே படித்தால், புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் மாத உதவியும் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இன்றுள்ள விதிகளின்படி கிடைக்கும். எனினும் 12 ஆண்டுகள் கழித்தும் அவை இதே உருவில் இருக்கும் என்று நம்பிச் சேமிப்பைக் குறைத்துவிடாதீர்கள். கணவரின் வருங்கால வைப்பு நிதியில் மட்டும் எக்காரணம் கொண்டும் கை வைக்க வேண்டாம். அது உங்கள் இருவரின் முதுமைக்கு உரியது.

மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், நிரந்தரக் கணக்கு எண் (பான்) அட்டை, புகைப்படம் ஆகியவற்றோடு இந்த மாதமே அஞ்சலகத்துக்குச் செல்லுங்கள். மாமனாரையும் உடன் அழைத்துப் போங்கள். பேத்தியின் பெயர் அச்சிட்ட கணக்குப் புத்தகத்தை அவர் கையிலேயே வாங்கட்டும்.