பிடித்த குத்துச்சண்டை வீரர் தோற்றால் நமக்கு ஏன் வலிக்கிறது?

அடி வாங்கியது நாமே என்பதுபோல் ஏன் துடிக்கிறோம் என்று கேட்கிறீர்கள். கிரிக்கெட்டில் தோல்வியைப் பதினொரு பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். வளையத்துக்குள் நிற்பவர் ஒற்றை ஆள். அடியும் நம் கண்ணெதிரே, முகத்தில் விழுகிறது.

அடித்து எழமுடியாமல் விழவைக்கும் நாக் அவுட் என்றால் வாயடைத்துப்போவோம், 1990இல் பஸ்டர் டக்ளஸ் பத்தாவது சுற்றில் உலகச் சாம்பியன் மைக் டைசனைச் சாய்த்தபோதுபோல. நடுவர்களின் புள்ளிக்கணக்கில் வரும் தோல்விதான் ஆறவே ஆறாது.

எனக்கு ஊர் கேரள எல்லையோரச் செங்கோட்டை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் 2–3 என்று கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவிடம் தோற்றதை டீக்கடையில் பார்த்தேன். மூன்று சுற்றுகளில் கடைசி இரண்டிலும் ஐந்து நடுவர்களில் மூவர் மேரி பக்கம். முதல் சுற்றில் அதிகம் விட்டதுதான் கவிழ்த்துவிட்டது. புனலூர் போகவேண்டிய லாரி ஓட்டுநர் ஒருவர், ஆடை படிந்த டீயைத் தொடாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு, “கள்ளக்களி”, அதாவது ஏமாற்று ஆட்டம் என்று மலையாளத்தில் முணுமுணுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேரியே தான் வென்றுவிட்டதாகத்தான் முதலில் நினைத்திருந்தார்.