இணையக் குரல், வீடியோ அழைப்புத் தரத்தில் பிஎச்.டி. செய்ய இனி என்ன மிச்சம் இருக்கிறது?

எம்.இ. முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் இருக்கிறீர்கள், இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு பேராசிரியர் "வாட்ஸ்அப், ஜூம் எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது" என்று சொல்லிவிட்டார், அதனால் குழப்பமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடமும் இதே வார்த்தையைச் சொன்னார்கள். விடைத்தாள் கட்டு திருத்தாமல் கிடக்கிறது, அதை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பேராசிரியர் நினைக்கிற இடத்தில் இல்லை.

எங்கள் ஆச்சி அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தாள். குவைத்தில் வேலை பார்த்த அண்ணன் ஒரு நாள் இணையத்தில் கூப்பிட்டு "தீவாளிக்கு வர முடியாது ஆச்சி" என்றான். ஆச்சி காதில் விழுந்தது "வர முடி" வரைக்கும்தான். மிச்சத்தை அவளே போட்டுக்கொண்டாள். சிறுபயறு வறுத்துத் திரித்து, பாகு காய்ச்சி, ஒரு தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து போட்டு வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை. அவள் சாகிற வரைக்கும் "வாரேன்னு சொல்லிட்டு வராதவன்" என்றுதான் சொன்னாள். என் ஆய்வேட்டில் பாதி அந்த ஒரு சொல்லில் இருந்து வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

விஷயம் இதுதான். இணைய அழைப்பில் பேச்சைப் பொதுவாக 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள், ஒரு வினாடிக்கு 50 பாக்கெட். ஒன்றிரண்டு அங்கங்கே தொலைந்தால் யாருக்கும் தெரியாது. ஐந்தாறு சேர்ந்தாற்போலத் தொலைந்தால் ஓர் எழுத்தே போய்விடும். இரண்டு அழைப்பிலும் சராசரி இழப்பு ஒரே சதவீதமாக இருக்கலாம், காதுக்கு ஒன்று சுகம், ஒன்று நரகம். இந்தக் கொத்து இழப்பைக் கணக்கில் கொண்டுவர பெல் ஆய்வகத்தில் இருந்த கில்பர்ட் 1960லேயே ஒரு மாடல் போட்டுவிட்டார், இன்றைக்கும் எல்லோரும் அதைத்தான் எடுத்து ஓட்டுகிறோம். இது போக, பாக்கெட் வருகிற நேரம் வேறு முன்பின்னாகும், அதற்குத்தான் ஜிட்டர் என்று பெயர். நம் ஜங்ஷனில் ஒரு மணி நேரம் பஸ்ஸே வராமல் அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல வருமே, அதே கதை. டைம் கீப்பர் மாதிரி, பஃபர் என்கிற ஒரு தற்காலிகச் சேமிப்பிடம் அவற்றை நிறுத்தி வரிசையாக விடும். ரொம்ப நேரம் நிறுத்தினால் பேச்சு தாமதமாகும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்று ஐ.டி.யு. என்கிற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதும், "நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க"வும் ஆரம்பித்துவிடும்.

தொலைந்த துண்டின் இடத்தில் என்ன செய்வார்கள்? பழைய முறையில், அதற்கு முந்தின ஒலியையே கொஞ்சம் நீட்டி மெல்ல அடக்கிவிடுவார்கள். தமிழில் வாக்கியம் முடியும்போது குரல் தானாகவே தாழும். ஆமாவா இல்லையா என்பதும் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் இருக்கிறது. முடியும், முடியாது. வருவான், வரமாட்டான். ஆகவே தொலைந்ததே தெரியாது, வாக்கியம் முடிந்துவிட்டது போலவே கேட்கும். ஆச்சிக்கு நடந்தது அதுதான்.

இதைக் கேட்போர் சோதனையில் காட்டலாம் என்று போனால் அங்கே வேறு வம்பு. அதே ஐ.டி.யு.வின் 1996ல் வந்த பி.800 பரிந்துரைப்படி ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும், நடுவில் இருக்கிற 3க்கு "சுமார்" என்று தமிழ்ப்படுத்தினேன். நம் ஊரில் ஒரு படத்தைச் "சுமார்" என்றால் போகாதே என்று அர்த்தம். யாரும் அதைத் தொடவில்லை. சரி என்று "பரவாயில்லை" என்று மாற்றினேன். எல்லாமே 3 ஆகிவிட்டது, நாம்தான் எதற்கும் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் ஆயிற்றே. பக்கத்துத் தெருப் பாட்டி ஒருத்தி ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "ஏட்டி, நல்லாத்தான கேக்கு, எதுக்குக் கெடந்து மார்க் போடச் சொல்லுத?" என்றாள். அவள் கேட்டதாகச் சொன்ன வாக்கியம் தப்பு. மதிப்பெண் மட்டும் ஐந்து. கடைசியில் மதிப்பெண்ணை ஓரங்கட்டிவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று மாற்றிய பிறகுதான் என் ஆய்வே நகர்ந்தது.

சிமுலேஷன் செய்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் என்எஸ்-3 என்கிற நெட்வொர்க் சிமுலேட்டரை ஓட்டியவள்தான். அதை மட்டும் ஓட்டி நான்கு வரைபடம் போட்டு முடிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டு வைஃபையில் ஒருவர் வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது அழைப்பு திணறுகிறதே, அந்த வரிசை நெரிசலை நிஜமான லைனில் அளந்து பாருங்கள். பிரவுசரிலேயே அழைப்பு நடத்துகிற வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தில் இழப்பு, ஜிட்டர், தாமதம் எல்லாவற்றையும் பிரவுசரே எண்ணிக்கொடுக்கும், காசு ஒன்றும் கிடையாது.

இன்று திறந்து கிடக்கிற கேள்வி என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது நரம்பியல் வலையமைப்பு (நியூரல் நெட்வொர்க்) வைத்துத் தொலைந்த துண்டின் ஓட்டையை அடைப்பது. குரலைச் சுருக்கி அனுப்பப் பயன்படுகிற, 2012ல் தரமாக்கப்பட்ட ஓபஸ் கோடெக்கின் 1.5 பதிப்பு 2024 மார்ச்சில் வந்தபோது அந்த வேலையைச் செய்யும் வசதியும் சேர்ந்து வந்தது. கேட்க அருமையாக இருக்கிறது. எனக்குப் பயமும் அதுதான். முன்பாவது கரகர என்றால் "என்னது, திருப்பிச் சொல்லு" என்று கேட்போம். சுத்தமாகக் கேட்கிற ஒரு தப்பு எழுத்தை யார் திருப்பிக் கேட்பார்கள்? இதைத் தமிழ் மாதிரி, சொல்லின் கடைசியில் ஒட்டுகள் சேர்ந்து அர்த்தம் மாறுகிற ஒட்டுமொழிகளில் சோதிக்க வேண்டும், அந்தக் காது நம்மிடம்தான் இருக்கிறது. இன்னொன்று, அழைப்பெல்லாம் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகிவிட்டதால் உள்ளே பார்க்காமல் பாக்கெட்டின் அளவையும் நேரத்தையும் மட்டும் வைத்துத் தரத்தை ஊகிப்பது. வீடியோவைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன், என் துறை குரல்.

பணம்: நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனால் 42,000. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், பொதுவாக ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். வெளிநாடு என்றால் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே குவாலிட்டி அண்ட் யூசபிலிட்டி லேப் இருக்கிறது, ஜெர்மனியில் இந்த மாதிரி இடங்கள் பெரும்பாலும் சம்பள வேலையாகவே வரும். இந்தத் துறைக்கான கியூஓமெக்ஸ் (QoMEX) மாநாட்டுக் கட்டுரைகளில் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து அவர்களுக்கே மெயில் போடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். இப்போது ஏதாவது தனியார் கல்லூரியில் வேலையில் இருந்தால் ஒரிஜினல் சான்றிதழ்களை முதலில் கைக்குக் கொண்டுவாருங்கள். முழுநேர ஆய்வுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் வேலை பார்த்த கல்லூரியில் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துப்போ என்றார்கள். என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அவர்கள் பீரோவில். ஒரு செமஸ்டர் போயிற்று. அந்தச் சம்பளமாவது மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எல்லாக் கல்லூரியும் அப்படி இல்லை என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும், என்னுடையது அப்படி இருந்தது.

சோதனைக்காகப் பதிவு செய்த தமிழ் வாக்கியங்கள் என் ஹார்ட் டிஸ்கில் சும்மாதான் கிடக்கின்றன. பின்னணியில் வண்ணார்பேட்டை பஸ் சத்தம் கொஞ்சம் இருக்கும். வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.